பார்க்கு லோரி

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால், செலாசே தோட்டத்தில் இஞ்ஞாசிமுத்துவுக்குக் கிடைக்கிற மரியாதை ஆபீஸ் பெரிய கிராணிக்குக்கூடக் கிடைக்காது. மற்ற நாட்களில் அவர் ரப்பர் பால் டிரம்மும் உர மூட்டையும் ஏற்றுகிற லோரிக்காரர், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் அதே லோரியைக் கழுவி, பலகை பெஞ்சுகளை மாட்டி, சனங்களை ஏற்றிக்கொண்டு சுங்கை பட்டாணியில் இருந்த மூன்லைட் பார்க்குக்குப் போவார். வெளியே தலை காட்ட வேறு வழியில்லாத காலம் அது. வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டதிலிருந்து லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டாகிவிட்டது. கேட்டில் துப்பாக்கியோடு மாத்தா என்கிற போலீஸ்காரர்கள் நின்றார்கள். மாமன் செத்தாலும் மச்சான் செத்தாலும் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக துரையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பார்க்கு லோரிக்கு மட்டும் துரை மொத்தமாக ஒரு பெர்மிட் எழுதிக் கொடுத்திருந்தார். ஆட்டம் பாட்டம் பார்த்துவிட்டு வந்தால் சனங்கள் காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுக் காட்டுக்காரன் பேச்சைக் கேட்காது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சனங்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. பார்க்கில் கலர் பல்புகள் எரிவதை அவர்கள் ஒருவரும் கண்ணால் பார்த்தது கிடையாது. இருட்டுவதற்குள் கேட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பகல் வெயிலில் அணைந்து கிடக்கிற பல்புகளுக்குக் கீழே நின்று, பிரிந்து கிடந்த உறவுகளைப் பார்த்துப் பேசிவிட்டு வருவதற்குத்தான் போனார்கள். எல்லாத் தோட்டத்து லோரிகளும் அங்கே வந்து நின்றன. அக்காவும் தங்கையும் குதிரை ராட்டினத்துப் பக்கத்தில் நின்று அழுதார்கள். பொண்ணு பார்ப்பதுகூட அங்கேயே நடந்தது.

இஞ்ஞாசிமுத்துவின் ஒரே மகள் மரியாவும் அப்படித்தான் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யான் ஊருக்குப் போகிற வழியில், குனோங் ஜெராய் மலை அடிவாரத்துத் தோட்டமொன்றில் ஜெரார்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. பஸ் ஏறினால் ரொம்பத் தூரமில்லை. இரண்டு பக்கமும் கேட் இருந்ததால் அது கப்பல் ஏறிப் போகிற தூரமாகிவிட்டது. இப்போது அவளுக்கு ஏழாவது மாசம்.

"ஏழாம் மாசம் தாய்வீட்டுக் கட்டுச்சோறு திங்காம எந்தப் பொண்ணு புள்ள பெத்திருக்கு?" என்று அவர் பெண்டாட்டி அகத்தா ஆரம்பித்தாள். சனிக்கிழமை மத்தியானம், பால்காட்டிலிருந்து வந்து கை கால்கூடக் கழுவவில்லை. புருசன் வீட்டில் இருக்கிற பிள்ளைத்தாய்ச்சிக்கு அம்மாக்காரி வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய் ஊட்டுவது வழக்கம். வேதக்காரர்களும் அதை விட்டதில்லை. சிலுவை போட்டுவிட்டு ஊட்டுவார்கள், அதுதான் வித்தியாசம்.

"சோறு கேட்டத் தாண்டக்கூடாது. ஒனக்குத் தெரியாதா?"

"நான் என்ன காட்டுக்காரனுக்கா கொண்டு போறேன்? எம் பொண்ணுக்கு."

"அத மாத்தாகிட்ட சொல்லிப் பாரு. பச்சரிசி, வெந்த சோறு எதுவா இருந்தாலும் கேட்டுக்கு வெளிய போனா அது காட்டுக்குப் போறதுதான். நம்ம லயத்து அய்யாவுவ ஒரு பிடி அரிசிக்கு உள்ள போட்டாங்க. மறந்துட்டியா?"

"நீங்க கேட்டாக்கா அந்த அலி விட்டுருவாருலா. ஒங்க லோரிய அவரு தொறந்துகூடப் பாக்கறதில்ல."

இஞ்ஞாசிமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உண்மைதான். கேட்டில் நிற்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அலி, "டிரைவர், பெரிக்சா சுடா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். பார்த்தாகிவிட்டதா என்று அர்த்தம். "சுடா" என்று இவர் சொன்னதும் கட்டை மேலே போகும். லோரியைச் சோதித்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் சோதித்தார். பிறகு அந்த வார்த்தை மட்டும் வாயில் தங்கிவிட்டது. அவர் பெயருக்கு அவ்வளவு மதிப்பு என்று தோட்டமே பேசியது. அவரும் பேசினார், கொஞ்சம் கூடுதலாகவே.

"அதனாலதான் சொல்றேன். என் லோரில ஒரு சோத்துப் பருக்க ஏறாது. ஏறுனா எனக்கு லைசென்சும் இல்ல, சனத்துக்குப் பார்க்கும் இல்ல. மரியாவுக்குப் பார்க்குக் கடையில நல்ல சோறா வாங்கித் தர்றேன்."

"கடச் சோறு!" என்றாள் அகத்தா. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பேசாமல் இருந்ததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் மனுசனுக்கு அது புரியவில்லை.

மறுநாள் காலையில், தினமும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் லோரி நின்றது. பிச்சிப்பூ வாசனையும் குட்டிக்கூரா பவுடர் வாசனையுமாகச் சனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அகத்தா எல்லாருக்கும் முன்னாலேயே வந்து, லோரியைத் துடைக்கிறேன் என்று கொஞ்ச நேரம் பின்னால் இருந்துவிட்டு, பிறகு முன்பக்கம் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். துடைக்கிற பழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. இஞ்ஞாசிமுத்து அதைக் கவனித்தார். கவனித்ததை யோசிக்கவில்லை.

கடைசியாக பிரேமாவதி வந்தாள். முப்பதைத் தொடாத வயசு. மயில்கழுத்துக் கலரில் ஒரே ஒரு நல்ல சேலை வைத்திருந்தாள், பார்க்குக்கு மட்டும் கட்டுவாள். அவள் புருசன் மணியத்தை, மாத்தா சனங்களை வரிசையில் நிறுத்திய அன்றைக்குச் சாக்கு முகமூடி போட்டிருந்த ஒருத்தன், காட்டுக்காரனுக்கு வேண்டியவன் என்று தலையாட்டிக் காட்டிக்கொடுத்தான். எதற்கு ஆட்டினான் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. மணியம் தடுப்புக் கேம்புக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து பிரேமாவதி தண்ணீர்க் குழாய்க்கு வந்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவள் மேல் கோபமெல்லாம் இல்லை, பயம். பார்க்கில் அவளை யாருக்கும் தெரியாது. அங்கே போய், சுற்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்கவே மாட்டாள்.

அவளைக் கண்டதும் பின் பெஞ்சில் இருந்த பெண்கள் காலை அகட்டி வைத்துக்கொண்டார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அண்ணே, எங்கண்ணே குந்தறது?"

இஞ்ஞாசிமுத்து அந்தப் பெண்களை நகரச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நகர்ந்திருப்பார்கள். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வம்பு என்று, "முன்னால போ புள்ள, பெட்டி மேல குந்து" என்றார்.

அது ஜாக்கியும் கயிறும் போட்டு வைக்கிற மரப்பெட்டி. டிரைவர் அறையின் முதுகை ஒட்டி இருந்தது. அங்கே இருந்த சின்ன ஜன்னலில் கண்ணாடி எப்போதோ உடைந்து போனதால் என்ஜின் சூடும் புகையும் நேராக மூஞ்சியில் அடிக்கும். யாரும் அதில் உட்கார மாட்டார்கள். பிரேமாவதி முந்தானையை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "போலாம்ண்ணே" என்றாள், அவளுக்காகத்தான் லோரி காத்திருந்த மாதிரி.

கேட்டில் அன்றைக்கு அலி தனியாக இல்லை. புதிதாக ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் சார்ஜன் நின்றான். வெயிலில் வெந்து மூக்குத் தோல் உரிந்திருந்தது.

"டிரைவர், பெரிக்சா சுடா?" என்றார் அலி. அன்றைக்கு அவர் குரலில் சிரிப்பு இல்லை.

"சுடா."

சார்ஜன் ஏதோ சொன்னான். அலி தயங்கிவிட்டு லோரி மேல் ஏறினார். கூடைகளைப் பார்த்தார். வெற்றிலைப் பைகளைக் கவிழ்த்தார். பிறகு பிரேமாவதியை ஜன்னல் ஓரமாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். கயிற்றுக்கு அடியில் ஒரு பெரிய பிஸ்கெட் டின் இருந்தது. வெள்ளைத் துணியால் சுற்றி முடிந்திருந்தது.

இஞ்ஞாசிமுத்து கீழே, முன் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தத் துணியைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஓரத்தில் சின்னச் சின்ன லேஸ் வைத்த துணி. மரியா சின்ன வயசில் கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்றைக்குப் போட்டிருந்த கவுன். லேஸ் வாங்குவதற்காகக் கோலா கெத்தில் கடையெல்லாம் அவர்தான் அலைந்தார்.

சார்ஜன் டின்னைத் திறந்து தரையில் கவிழ்த்தான். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, வெல்லம் போட்ட சோறு. ரேஷன் அரிசியில் பிடிபிடியாக மிச்சம் பிடித்து, ராத்திரியெல்லாம் சத்தம் காட்டாமல் அகத்தா ஆக்கியிருக்கிறாள். ஒவ்வொன்றும் இலை பிரிந்து செம்மண்ணில் விழுந்தது.

"இனி சியாப்பா பூஞா?" என்று கேட்டார் அலி. இது யாருடையது.

முன் கதவின் கைப்பிடி திரும்பியது. அகத்தா ஒரு காலை வெளியே எடுத்து வைக்கப் போனாள். இஞ்ஞாசிமுத்து கதவில் முதுகைச் சாய்த்து அழுத்தினார். தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல் சொன்னார்:

"எறங்காத. மரியா காத்துக்கிட்டிருக்கும்."

கதவு ஒரு நொடி அவர் முதுகில் முட்டியது. பிறகு அடங்கிவிட்டது.

"டிரைவர்?" என்றார் அலி. "நீ பார்த்தேன்னு சொன்ன."

ஒரு மனுசன் கெட்டுப்போவதற்கு அதிக நேரம் தேவைப்படுவதில்லை. ஜெயில் தெரிந்தது. லைசென்ஸ் போவது தெரிந்தது. பார்க்கு வாசலில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மகள் தெரிந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, 'டிரைவர் பொய் சொல்லிவிட்டான்' என்று அலி முகம் சுருங்கப் போவது தெரிந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் கடைசிப் பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

"காலையில நான் பாத்தப்ப பெட்டி காலியாத்தான் இருந்திச்சு. அதுக்கு மேல குந்திக்கிட்டு வந்தது அந்தப் பொண்ணுதான்" என்றார்.

"அண்ணே..." என்றாள் பிரேமாவதி. திரும்பி, அந்தக் கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். அகத்தா முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிரேமாவதி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பெஞ்சுகளைத் தாண்டி இறங்கிப் போனாள். பின் பெஞ்சுப் பெண்கள் இப்போது காலை ஒடுக்கி வழி விட்டார்கள். மணியம் பொண்டாட்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நம்புவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

கட்டை மேலே போனது. இஞ்ஞாசிமுத்து வண்டியை எடுத்தார்.

வழியெல்லாம் பால் வடியும் கித்தா மரங்கள். சுங்கை பட்டாணி பாலம் வந்தபோது அகத்தா சொன்னாள்: "நீங்க கதவ அழுத்துனீங்க. நான் தள்ளல. ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

மரியா பார்க்கு வாசலில், டிக்கெட் கூண்டு நிழலில் ஜெரார்டோடு நின்றாள். முகம் வெளுத்து, கால் வீங்கி, அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவின் கையைத்தான் முதலில் பார்த்தாள். கை காலியாக இருந்தது.

"அவரு நேத்தே சொன்னாரும்மா, கேட்டுல விடமாட்டாங்கன்னு. பரவால்ல" என்றாள். அகத்தா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பார்த்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஜெரார்டு நினைத்துக்கொண்டான்.

மரியாவால் நடக்க முடியவில்லை. சுற்று வண்டியில் ஏறிக்கொண்டார்கள். சப்பான்காரன் விட்டுப்போன ஜீப்பு ஒன்றுக்குப் பின்னால் மூன்று பெட்டிகளைக் கோத்து, வாத்துப் படமும் மயில் படமும் எழுதி வைத்திருப்பார்கள். ராட்டினம், ஜோகெட் ஆட்ட மேடை, குறி சுடுகிற கடை என்று பார்க்கு முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடும். அதை ஓட்டுகிற நூர்தீன் இஞ்ஞாசிமுத்துவுக்குப் பழைய கூட்டாளி.

"வாங்கண்ணே! மருமவனே, சொகமா? என்னம்மா மரியா, வயித்துக்குள்ள இருக்கறதுக்கும் டிக்கெட்டு எடுக்கணும், தெரியுமுல்ல?" என்று சிரித்தார் நூர்தீன். பிறகு லோரி நின்ற பக்கம் எட்டிப் பார்த்தார். "எங்கண்ணே அந்தப் புள்ளையக் காணோம்? மயில்கழுத்துச் சேல. மொத சுத்துலேர்ந்து மயில் பெட்டியில குந்துமே?"

"இன்னிக்கு வரல."

"ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"தெரியல" என்றார் இஞ்ஞாசிமுத்து. பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அல்லா, நல்ல புள்ளண்ணே. போன வாட்டி கேட்டுச்சு, பாய், ராத்திரியில இந்த லைட்டெல்லாம் எரிஞ்சா எப்படி இருக்கும்னு. நான் சொன்னேன், கல்யாண வீடு மாதிரி இருக்கும்மான்னு. அப்ப என்னைய மட்டும் கூப்பிடாமலா இருப்பாங்கன்னுச்சு" என்று நூர்தீன் வண்டியை எடுத்தார்.

வண்டி சுற்றியது. காலியாக இருந்த மயில் பெட்டி முன்னால் ஆடிக்கொண்டே போயிற்று. இஞ்ஞாசிமுத்து அதைப் பார்க்காமல் இருக்க ராட்டினத்தைப் பார்த்தார், தன் வண்டிச் சாவியைப் பார்த்தார், மகளின் வீங்கிய காலைப் பார்த்தார். இறங்கியதும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பிரியாணி வாங்கினார்கள். நகரத்தில் கடையிலேயே உட்கார்ந்து தின்றால் சோறு குற்றமில்லை. அகத்தா சிலுவை போட்டு, முதல் வாய் எடுத்து மகளுக்கு ஊட்டப் போனாள். சோறு மரியாவின் மடியில் சிந்தியது.

"நீங்களே தின்னுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அகத்தா எழுந்து கை கழுவப் போனாள். பெற்ற மகளை 'நீங்க' என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் கேட்டுக்கு வந்தபோது சார்ஜன் இல்லை. காலையில் கொட்டிய சோறு மஞ்சளும் வெள்ளையுமாக அங்கேயே கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. சனங்களை லயத்தில் இறக்கிவிட்டு, அகத்தாவிடம் ஒன்றும் சொல்லாமல், இஞ்ஞாசிமுத்து நடந்தே கேட்டுக்குத் திரும்பினார். அந்த நேரத்தில் அவருக்கு உண்மையாகவே துணிச்சல் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"அலி, அந்தச் சோறு எங்க வீட்டுச் சோறு" என்று மலாயில் சொன்னார். "எம் மகளுக்குக் கட்டுனது. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

அலி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோளில் தட்டினார்.

"டிரைவர், உனக்கு ரொம்ப நல்ல மனசு. உன் ஆட்கள் யார் மாட்டினாலும் உனக்குத் தாங்காது, எனக்குத் தெரியும். ஆனா அவ ஒத்துக்கிட்டா. என் சோறுதான்னு சொல்லிட்டா. லோக்காப்புக்குக் கொண்டு போயாச்சு."

"அவ ஏன் அப்படிச் சொன்னா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"இல்ல அலி. நான் பெட்டியப் பாக்கல. பாக்காமத்தான் சுடான்னு சொன்னேன்."

அலியின் சிரிப்பு நின்றது. "டிரைவர், ஒண்ணு சொல்றேன் கேளு. நீ பாக்கலன்னா, நானும் இவ்வளவு நாளா உன் பேச்சக் கேட்டுப் பாக்காம விட்டவன். அப்புறம் எனக்கும் தொப்பி இல்ல, உனக்கும் லோரி இல்ல. நாளைக்குப் பால் யாரு ஏத்துவா? வீட்டுக்குப் போ. நீ சொன்னது என் காதுல விழல."

இஞ்ஞாசிமுத்து நின்றார். இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரிய ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம், துரை பங்களாவுக்குப் போயிருக்கலாம். "சரி அலி" என்றார். திரும்பி நடந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. நிம்மதி. அது நிம்மதிதான் என்று தெரிந்ததும், ரோட்டு ஓரத்தில் குந்திக்கொண்டு அழுதார். சிறைக்குப் போனவளை நினைத்து அழுததைவிட, அந்த நிம்மதியை நினைத்துத்தான் அதிகம் அழுதார்.

பிரேமாவதிக்குச் சில மாதம் அலோர்ஸ்டார் ஜெயில். அகத்தா ஒவ்வொரு பூசைக்கும் அவள் பெயருக்கு மெழுகுத்திரி வைத்தாள். கோயிலுக்கு வருகிற சாமியார் மூலமாக ஜெயிலுக்குச் சோப்பும் எண்ணெயும் கொடுத்து அனுப்பினாள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். லயத்தில் பேச்சு இரண்டு வாரத்தில் ஓய்ந்தது. இஞ்ஞாசிமுத்து இப்போதெல்லாம் பெட்டியைத் திறந்து, கயிற்றை எடுத்து உதறி, ஜாக்கியை வெளியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டுக்கு வந்தார். டிரைவர் எவ்வளவு சுத்தம் பார்க்கிறார் என்று சனங்கள் இன்னும் புகழ்ந்தார்கள். புகழ்ச்சியை நிறுத்த அவருக்கு வழி தெரியவில்லை.

மரியாவுக்குக் குழந்தை பிறந்து, தலை நிற்கிற பருவம் வந்த ஒரு பார்க்கு ஞாயிற்றுக்கிழமை. சனங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது பெரட்டுக்களத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மயில்கழுத்துச் சேலை ஒன்று வந்தது. பிரேமாவதி மெலிந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள், பூ வைக்க இடமில்லை.

அகத்தா முன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "பிரேமா, நீ முன்னால குந்துமா. நான் பின்னால போறேன்" என்றாள்.

"வேணாங்கா. எனக்குப் பெட்டிதான் பழக்கம்." பிரேமாவதி ஏறி, பெஞ்சுகளைத் தாண்டி, ஜன்னலுக்குக் கீழே தன் இடத்தில் உட்கார்ந்தாள். அகத்தா அப்படியே கீழே நின்றாள். பிறகு பின்னால் ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில், அவளை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

இஞ்ஞாசிமுத்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திறந்து கிடந்தது.

"அண்ணே."

"சொல்லு புள்ள."

"மரியாவுக்கு என்ன கொழந்த?"

"பொம்பளப் புள்ள" என்றார்.

"நல்லா இருக்கட்டும்" என்றாள்.

கேட்டில் அலி மட்டும்தான் நின்றார். இஞ்ஞாசிமுத்துவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பெரிக்சா சுடா, டிரைவர்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கட்டையைத் தூக்கப் போனவர், லோரிக்குள் பார்த்துவிட்டு நின்றார். "அந்தப் பொம்பளை மட்டும் இறங்கட்டும். அவ பேரு ஸ்டேஷன்ல இருக்கு. அவளைப் பார்க்காம விட முடியாது."

பிரேமாவதி இறங்கினாள். சோதிக்கிற மலாய்க்காரி சாவடியிலிருந்து வந்து, பையைக் கவிழ்த்து, முந்தானையை உதறி, இடுப்பைத் தடவிப் பார்த்தாள். வெட்டிய முடிக்குள்கூட விரலை விட்டுப் பார்த்தாள். லோரி நிறையச் சனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்மண்ணில், எப்போதோ சோறு கிடந்த அதே இடத்தில் அவள் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

இஞ்ஞாசிமுத்து இறங்கி ஓடினார். "அலி, என்னையும் பாரு. என் லோரியப் பாரு. பெட்டியப் பாரு. எல்லாத்தையும் பாரு!" என்று சட்டைப் பொத்தானை அவிழ்த்தார்.

"என்ன டிரைவர், உன்னைப் போய்ப் பார்ப்பேனா?" என்று அலி சிரித்துக்கொண்டே கட்டையைத் தூக்கினார்.

பிரேமாவதி கவிழ்ந்த பையை எடுத்து, மண்ணைத் தட்டினாள். சேலையைச் சரி செய்தாள். திறந்த சட்டையோடு நடுரோட்டில் நிற்கிற மனுசனிடம் வந்து, சத்தம் கூட்டாமல், ஜாடையோ கோபமோ இல்லாமல் சொன்னாள்:

"வண்டிய எடுங்கண்ணே. மரியா காத்துக்கிட்டிருக்கும்."